நாயகிக்கு ஓர் எட்டுப் பின்னால்

பூசணி விதையைப் பல்லிடுக்கில் உடைத்துத் தின்றுவிட்டு, தோலை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள் பெர்சிதா. கீழே கிடப்பது காகிதத்தூள் பனி. ஒரு தோல் விழுந்தாலும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கார்லோவ்ட்சிச் சந்தையில் விதை விற்கும் இவள் இந்த மாதம் முழுக்க ருஷ்யப் பிரபு வீட்டு வேலைக்காரி. ஹாலிவுட்காரர்கள் ஒரு பழைய ருஷ்ய நாவலை எங்கள் ஊரில் படமெடுக்கிறார்கள்.

படத்தில் ஓடும் குதிரைகள் என்னுடையவை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்; ஒரு கிழட்டுக் குதிரையில் தொடங்கிப் பதினெட்டுக்கு வந்தவன். ஆளோ குதிரையோ, நிற்கிற நிலையிலேயே எடை போட்டுவிடுவேன். பெர்சிதா நான்கு மணி நேரம் கால் மாற்றாமல் நிற்பாள். வியந்தால், "சும்மா நிக்கிறதும் வேலைதான் அண்ணே. உன் குதிரையக் கேட்டுப் பாரு" என்பாள்.

தலையணை மாதிரித் தடித்த அந்த நாவலை நான் தொட்டதில்லை. அவள் படித்திருக்கிறாள். விதை மடிக்க எடைக்கு வாங்கிய தாளில் அது வந்ததாம். ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுத்தான் பொட்டலம் போட்டிருக்கிறாள். "கடைசி இருபது பக்கத்த என் மச்சினி மடிச்சு வித்துட்டா, பாவி."

அவளுக்குக் கிடைத்த இடம் நாயகிக்கு ஓர் எட்டுப் பின்னால். முகம் திரையில் தெரியும். கனடாவுக்குப் போய் முப்பத்தோரு வருடமாகத் திரும்பாத தங்கையிடம், "தியேட்டர்ல என்னப் பாருடி" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

நேற்று தேவாலயத்தில் சாவுக் காட்சி. நாயகி சவப்பெட்டி முன் சிலுவை அடையாளம் போட்டாள், இடது தோளை முதலில் தொட்டு. எங்கள் சபையிலும் ருஷ்யர் சபையிலும் வலது தோள்தான் முதலில். மூன்று முறை எடுத்தார்கள், மூன்றும் தப்பு. துணை நடிகர் நாயகியிடம் பேசினால் இடம் போய்விடும் என்பது கட்டளை. பெர்சிதாவின் உதடு துடிப்பதைக் கதவோரம் நின்ற நான் பார்த்தேன்.

"வேணாம்மா, இடம் போயிடும்" என்றேன்.

"போனாப் போகுது அண்ணே. செத்தவனுக்குத் தப்பா போடலாமா?"

நேரே போய் நாயகியின் கையைப் பிடித்து, மூன்று விரலைக் கூட்டி, நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று நகர்த்தினாள். "இப்படி, கண்ணு."

உதவி இயக்குநர் பாய்ந்து வந்தான். "இங்க யாரும்மா டைரக்டர்? நீயா, அவரா?"

"அவருக்குப் படம் எடுக்கத் தெரியும் தம்பி. நான் ரெண்டு புருஷனப் பொதைச்சவ."

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் அவளைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். தூணுக்குப் பின்னால் எந்தக் கேமராவின் கண்ணும் எட்டாது. பெர்சிதா மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்; அவ்வளவுதான்.

நாலாம் முறை கேமரா ஓடியது. நாயகி விரல் கூட்டினாள், நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். அங்கேயே கை தயங்கி நின்றது. அவள் பார்வை தூண் பக்கம் ஓடியது.

பெர்சிதா தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள்.