எட்டாம் கட்டிலுக்குக் கடைசிப் பந்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பம்பாய் தாராவியில வளந்தவளுக்கு வாய் இல்லாட்டி குழாயடியில ஒரு குடம் தண்ணி கிடைக்குமா? அந்த வாயோடதான் அறுபதுகள்ல செம்பூர்ல ஒரு முதியோர் இல்லத்துல ஆயா வேலைக்குச் சேந்தேன்.

அங்க பன்னெண்டு கட்டில். மேட்ரன் மலையாளத்துக்காரி, மெட்ராசுல நர்சு படிச்சதால தமிழ் நல்லா பேசுவாக. அவுகளுக்குச் சட்டம்தான் சாமி. படுத்த படுக்கையா கெடக்கவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும். கெடக்கவங்க நகத்துல அழுக்கு இருந்தா ஆயாவுக்குத் திட்டு. கைகால் விழுந்தவங்களுக்குத்தான் முதல் தட்டு, அதுவும் சூடா. ஆயாமாரு வார்டுக்குள்ள பச்சத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. ஆரம்பத்துல எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா உள்ளதச் சொல்லணும்லா, அந்த வார்டுல ஒருத்தர் முதுகுலயும் படுக்கைப் புண்ணு பாத்ததில்ல.

எட்டாம் கட்டிலுக்கு ஒரு அய்யா வந்தாக. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. பொண்டாட்டி பிள்ளை கெடையாது. கொண்டாந்து விட்ட தூரத்துச் சொந்தக்காரன், "மாட்டுங்காவுல சாப்பாட்டு மெஸ் வச்சிருந்தவரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நடையக் கட்டிட்டான்.

பன்னெண்டு மணி அடிச்சா முதல் தட்டு அய்யாவுக்குத்தான். நான் கரண்டிய நீட்டுவேன், அவுக வாய இறுக்க மூடிக்கிடுவாக. இடது கையால தட்டத் தள்ளுவாக. ரசம் சாதம், பால் கஞ்சி, எதுக்கும் மசியல. டாக்டர் வந்து தொண்டையப் பாத்தாரு, முழுங்க ஒரு கோளாறும் இல்லன்னாரு. "பந்திக்கு முந்துன்னு சொல்லுவாக, நீங்க என்னய்யா இந்தப் பாடு படுத்துறீக"ன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன், வஞ்சும் பாத்தேன். ம்ஹூம். பெரும்பாடுபட்டுச் சாயங்காலம் அரை டம்ளர் கஞ்சி இறங்கும், அவ்வளவுதான்.

கோதுமை மூட்டை நிறுக்கிற தராசுல நாற்காலியோட தூக்கி வச்சு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எல்லாருக்கும் எடை பாப்போம். மூணு வாரமா அய்யா எடை இறங்கிட்டே போச்சு. மேட்ரன் என்னத் தனியாக் கூப்பிட்டாக.

"அடுத்த சனிக்கிழமையும் குறைஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். மூக்குல குழாய் போட்டுப் பாக்க இங்க வசதி இல்ல. கடுதாசி எழுதி வச்சிட்டேன்."

அப்படிப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. ஒத்த ஆளா வந்த மனுசன் அங்க போயும் ஒத்தையிலயா சாகணும்?

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மாட்டுங்காவுலேருந்து ஒருத்தர் அய்யாவப் பாக்க வந்தாரு. ஆபீஸ்ல கிளார்க்கு, பத்து வருசம் அவுக மெஸ்ஸுல சாப்பிட்டவராம். நான் முதல் தட்டோட போராடுறதப் பாத்துட்டு அசந்துபோயிட்டாரு.

"என்னம்மா இது, அவருக்குப் போய் முதல்ல குடுக்கறியே! கடைசி இலை எடுத்து, எச்சில் துடைச்சு, சமையல்காரன் வரைக்கும் சாப்பிட்டப்புறம்தான் அவர் கை நனைப்பார். ஒரு நாள் மாறி நான் பாத்ததில்லே."

அடி பாவி மட்டைன்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். ஊருக்கெல்லாம் சோறு போட்ட மனுசன். பதினோரு பேரு பசியோட படுத்துக் கெடக்கையில அவுக வாய்க்குள்ள நான் சோத்தத் திணிச்சிருக்கேன்!

திங்கக்கிழமை கட்டிலைத் திருப்பி, வார்டு முழுக்கத் தெரியுற மாதிரி தலகாணி வச்சு உக்கார வச்சேன். ஒவ்வொரு தட்டா அவுக கண்ணு கூடவே போச்சு. மூணாம் கட்டில் கிழவி மோர் கேட்டதுக்கு நான் காதுல வாங்காமப் போனேன், அய்யா கட்டிலைத் தட்டி என்னத் திருப்பி அனுப்புனாக. அடேயப்பா, முதலாளிதான்! எல்லாம் முடிஞ்சு, துடைச்சு, தட்டக் கொண்டு போனேன்.

மறுபடியும் தள்ளுனாக. என் பக்கம் விரல நீட்டுனாக.

"நானா? நான் பெறகு சாப்பிடுவேன்யா."

வாய் மூடிருச்சு. கண்ணு மட்டும் என்னையே பாக்கு. எனக்குக் கோவமும் அழுகையும் சேந்து வந்துச்சு. பொறந்ததுலருந்து நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்காக வயித்தக் காயப்போட்டுக் காத்திருந்த மொத ஆளு அந்த அய்யாதான். சட்டமாவது மண்ணாவதுன்னு போயி என் டப்பாவ எடுத்தாந்து கட்டில் பக்கத்துலயே தொறந்தேன். உள்ள கருவாட்டுக் கொழம்பு! அவுக மெஸ்ஸோ சுத்த சைவம். மூக்கச் சுளிச்சாக, ஆனா வாயத் தொறந்துட்டாக. நான் ஒரு வாய், அவுக ஒரு வாய்.

பாதித் தட்டுல மேட்ரன் வந்து நின்னாக. கருவாட்டு வாசம் வார்டு முழுக்க. வேலை போச்சுன்னு நான் எச்சிக்கையோட எந்திரிச்சேன். அய்யா மெல்லுறத நிறுத்திட்டு, அதே விரல மேட்ரன் பக்கம் நீட்டுனாக.

நான் காரணத்தச் சொன்னேன். மேட்ரன் அந்த விரலப் பாத்தாக, ஒரு தட்டு வாங்கியாரச் சொல்லி ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாக. அய்யா மிச்சத்தயும் சாப்பிட்டு முடிச்சாக.

சனிக்கிழமை எடை அரைக் கிலோ கூடியிருந்துச்சு. மேட்ரன் அந்தக் கடுதாசியக் கிழிச்சுக் கூடையில போட்டாக. அன்னைக்கு மத்தியானம் பதினோரு தட்டும் முடிஞ்சு நான் கை கழுவிட்டு வந்தா, மேட்ரன் எனக்கு முன்னாலயே எட்டாம் கட்டில்கிட்ட தட்டோட உக்காந்திருக்காக.

"என்ன நின்னுட்டிருக்க? டப்பாவ எடுத்துட்டு சீக்கிரம் வா. அவருக்குப் பசிக்குது."