வேலிப் பொட்டு

“…கத்தி இருந்தால் எடுத்துத் தாரும், இல்லையெண்டால் நான் ரெண்டு கையாலும் பிய்ச்சுக்கொண்டுதான் போவன்” என்று அக்கா வாடகைக் கார்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோப்பாயில், அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவுக்குள் நின்றோம். ஒன்பது வருடமாக ஆள் குடியிராததால் நாயுருவி இடுப்பளவுக்கு வளர்ந்து, அக்காவின் கொழும்புச் சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே அண்ணையின் தென்னோலைக் கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணையின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, கார்க்காரரின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். முந்தைய நாள் முழுவதும் அந்த மனிதரிடம், நாங்கள் ஊர் பார்க்க வந்த கொழும்பு ஆட்கள் என்று சாதித்திருந்தோம்.

எங்கள் பக்கத்து வேலிகளை அறியாதவர்களுக்குப் பொட்டு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். இரண்டு வளவுகளுக்கு நடுவே ஓடும் வேலியில், நட்டுத் துளிர்க்கவிட்ட இரண்டு பூவரசங் கதிகால்களுக்கு இடையில் கிடுகு கட்டாமல் விடுகிற சின்ன வழிதான் பொட்டு. குறுக்கே கட்டிய வரிச்சுத்தடிக்குக் கீழே இருப்பதால் குனிந்துதான் நுழையவேண்டும். கறிக்கிண்ணம் அதனால்தான் போகும், வரும். ஊர்க்கதையும் அதனால்தான் போகும். படலையைத் திறந்துகொண்டு வருகிறவர் விருந்தாளி, பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். வருடத்துக்கு ஒருமுறை வேலி புதிதாக அடைக்கும்போது பொட்டை மறக்காமல் விடுவார்கள். அண்ணைக்கும் அக்காவுக்கும் பொதுவான கிணறு அண்ணையின் பக்கம் இருந்தது. அக்கா அந்தப் பொட்டால்தான் தண்ணீருக்குப் போவாள். ஒரு வருடம் வேலி அடைத்த மறுநாள் காலை அவள் குடத்தோடு போனபோது பொட்டைக் காணவில்லை. கீழிருந்து மேல்வரை புதுக் கிடுகு நெருக்கிக் கட்டியிருந்தது. அக்கா ஒரு சொல் கேட்கவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பி, ஒழுங்கையால் சுற்றி அயல்வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். அண்ணையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் அக்கா அத்தானைக் கொழும்புக்கு மாற்றல் வாங்கவைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்பில் நான் வேலைபார்த்த பலசரக்குக் கடைக்கே அக்கா வந்து, “தம்பி, ரெண்டு நாள் யாழ்ப்பாணம் பாத்திட்டு வருவம், வா” என்றாள். “பாக்க என்ன கிடக்கு, எங்கடை ஊர்தானே” என்றேன். “இருக்கிற ஆக்களாய் இருந்து கண்டது காணும். பாக்கிற ஆக்களாய்ப் போவம்” என்றாள். நான் சாமான் சுற்றுகிற பழைய கடதாசியை வாசித்தே எழுத்துப் பிடித்தவன். மனிதர் வாயில் வருகிற இப்படியான பேச்சைக் கேட்டால் அதன் பின்னாலேயே போய்விடுவேன். அன்றும் போனேன். அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு வன்மம் இருந்தது என்பது, கடற்கரையோரத்து வாடிவீட்டில் அவள் அறை எடுத்தபோதுதான் விளங்கியது. கூடப்பிறந்தவனின் வீடு ஒன்பது மைலில் இருக்க, வாடிவீட்டில் படுத்து எழும்புவது எங்கள் ஊரில் சந்தைக்குள் வைத்துக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வாடிவீட்டுக்காரர் வழமைபோல, எந்த வீட்டு ஆட்கள் என்று அறிய, “ஆற்றை பிள்ளையள்?” என்று கேட்டார். “ஊர் பாக்க வந்தனாங்கள்” என்றாள் அக்கா. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கீரிமலைக் கேணியில் குளித்தோம். பிறகு நிலாவரைக் கிணற்றடியில் நின்று, அடி காணமுடியாத கிணறு என்று கார்க்காரர் சொன்னதை முதன்முதலாகக் கேட்பவர்கள்போல் கேட்டோம். அக்கா ஓலைத்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். சின்ன வயதில் எங்களைக் கூட்டிவந்து அதே கிணற்றை எட்டிப்பார்க்க வைத்தவர் அண்ணைதான். சட்டைக் கொலரைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை நான் சொல்ல வாயெடுத்தபோது, “படத்தை எடு” என்றாள் அக்கா.

திரும்பும் வழியில் கோப்பாய்க்குள்ளால் விடச் சொன்னாள். அண்ணையின் வீட்டுக்கு முன்னால், “கொஞ்சம் மெதுவாய் விடும், நல்ல பழைய வீடுபோலை கிடக்கு” என்றாள். கார்க்காரர் மெதுவாக விட்டார். “நாளைக்கு உங்கை பொம்பிளை பாக்க வருகினம், அம்மா” என்றார். “பெட்டை தங்கமான பெட்டை. ஆனால் தேப்பன்ரை சகோதரங்கள் கொழும்பிலை, வாசலுக்கு வாறேல்லை. கடுங் கெறுக்குப் பிடிச்ச ஆக்களாம்.” அக்கா, “அப்பிடியே?” என்றாள். “ஓம். அதிலும் தங்கச்சிக்காரி முதலாம் நம்பர். தம்பிக்காரன் அவவின்ரை வால்.” நான் கமராவைத் துடைத்தேன். யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டுகிறவருக்கு எங்கள் முகவெட்டு தெரியாமல் இருக்குமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயுமுன் அண்ணை வந்துவிட்டார். வெயிலில் ஒன்பது மைல் சைக்கிள் உழக்கி வந்தவர், வாடிவீட்டு விறாந்தையில் எங்களுக்கு எதிரே, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் முடி நரைத்திருந்தது.

“எங்கெங்கை பாத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“கீரிமலை, நிலாவரை” என்றாள் அக்கா.

“கோப்பாயும் பாத்தியளாம். அங்கை பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. வெறும் தோட்டமும் துரவுந்தான்.”

“ஓம், கண்டனாங்கள்.”

விருந்தினருக்குச் சொல்வதுபோல, மாம்பழம் எங்கே நல்லது என்றுகூடச் சொன்னார். அவ்வளவு மரியாதையான பகையை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. எழும்பும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். “பத்து மணிக்குப் பிள்ளையைப் பாக்க வருகினம். பெடியன்ரை தாய் ஒரு கதை கேட்டவ. சகோதரங்களே மிதிக்காத வீட்டிலை எப்பிடிச் சம்பந்தம் செய்யிறதெண்டு. நாளைக்கும் உங்களைக் காணாட்டில் அவை எழும்பிப் போயிடுவினம். சொல்லிப்போட்டுப் போக வந்தனான்.”

“சொல்லியாச்செல்லோ.”

அண்ணையின் கை சால்வையை முறுக்கியது. “பொட்டை நான் அடைக்கேல்லை. வேலி அடைக்க வந்தவங்கள் தெரியாமல் அடைச்சுப்போட்டாங்கள். நான் பின்னேரந்தான் கண்டனான்.”

“கண்டபிறகு வெட்டிவிடக் கத்தி கிடைக்கேல்லையோ?” என்றாள் அக்கா.

“நீ வந்து கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு சொல் கேட்டியோ?”

“கேட்டுத் திறக்கிறதெண்டால் அது படலை. பொட்டெண்டால் கேளாமல் திறந்து கிடக்கவேணும்.”

“அப்ப வராதை” என்றார் அண்ணை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யார் கேட்பது, யார் திறப்பது என்று இரண்டு பேரும் காத்திருந்ததில் ஒன்பது வருடம் போயிருந்தது. இது தெரிந்தபிறகாவது அக்காவின் கோபம் தணியும் என்று நினைத்தேன். அவளுடைய கோபம் இரண்டு மடங்காகியது. “வேணுமெண்டு அடைச்சிருந்தாலும் ஒரு ஆம்பிளைத்தனம். பிழையெண்டு கண்டும் விட்டுவைச்சவரை என்னெண்டு மன்னிக்கிறது?” என்றாள். மருமகளை, அண்ணையின் மகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால், “அவள் பிறந்தநேரம் தாய்க்கு மருந்துத் தண்ணி வைச்சுக் குடுத்தது ஆர்?” என்று இடையில் ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கார் கோப்பாய்க்கு வந்தது. அண்ணையின் படலையில் நிறுத்தப் பார்த்தவரிடம், “அதிலை இல்லை, அடுத்த வளவு” என்றாள் அக்கா. கார்க்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் நிறுத்தியபோதுதான், முதல்நாளே எங்களை அடையாளம் கண்டு அண்ணைக்குச் சொல்லியனுப்பியவர் அவர்தான் என்று எனக்கு உறைத்தது.

அண்ணைக்கும் அக்காவுக்கும் அதற்குப் பிறகும் பேச்சு ஒட்டவில்லை. நல்லது கெட்டதுகளில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் மூலமாகவே கதைத்தார்கள். இருவரும் இப்போது இல்லை. அந்த எல்லையில் இன்று ஆளுயரத்துக்குச் சீமெந்து மதில் நிற்கிறது. அண்ணையின் மகள்தான் கட்டுவித்தாள். கட்டும்போது, மாமி வந்த இடத்தில் ஒரு கேற் விடவேண்டும் என்று மேசனோடு சண்டைபிடித்தாளாம். பகை என்றால் பிரிந்து போவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ளும் வழியாக இருந்தது. அதை மெச்ச என்னால் முடியாது. நடந்தது அதுதான்.

அந்த ஞாயிறு அக்கா கேட்டபடி, கார்க்காரர் சீற்றுக்குக் கீழே கிடந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். முதல் வெட்டிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் கதை நின்றுபோயிற்று. “ஆரது?” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அண்ணையின் குரல், “என்ரை தங்கச்சி. அவ அதாலைதான் வாறவ” என்றது. கிடுகு பிரிந்து, குனிந்தால் நுழையக்கூடிய அளவுக்கு வழி விழுந்தது. “காணும் அம்மா, இனிப் போகலாம்” என்றார் கார்க்காரர். அக்கா கேட்கவில்லை. வரிச்சுத்தடியை மூன்று வெட்டில் தறித்தாள். அதற்கு மேலேயும் தன் தலைக்கு ஒரு சாண் உயரம்வரை கிடுகை வெட்டி இறக்கினாள். கத்தியை என் கையில் தந்துவிட்டு, நிமிர்ந்தபடியே உள்ளே போனாள்.