சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். எங்கள் வீட்டில் மிக்சி என் டிபார்ட்மென்ட். அபி கையில் போனோடு அடுக்களைக்குள் வந்து நின்றாள். முகமே சரியில்லை. மிக்சியை நிறுத்தினேன்.

"ஏங்க, என் பாட்டைத் தூக்கிட்டாங்க."

பாட்டை எப்படித் தூக்குவார்கள்? போனை வாங்கிப் பார்த்தேன். பாட்டு ஆப்களில் அவள் பாட்டை ஏற்றிக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு மெயில். சாரம் இதுதான்: உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் உண்மையான மனிதர்களாகத் தெரியவில்லை. மெஷின் வைத்தோ, ஆள் வைத்தோ எண்ணிக்கையை ஏற்றியதாகச் சந்தேகிக்கிறோம். எனவே பாட்டை நீக்கிவிட்டோம். விளக்கம் இருந்தால் எழுதவும்.

அபி என்பவள் என் மனைவி, ராக் பாடகி. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். ராக் பாடகி என்றவுடன் எங்கள் சொந்தக்காரர்கள், "அப்ப கச்சேரியெல்லாம் பண்ணுவாங்களா?" என்று கேட்பார்கள். பண்ணுவாள். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து யாரும் தொடையில் தாளம் போட மாட்டார்கள். முன்வரிசை என்றே ஒன்று இருக்காது. எல்லாரும் நின்றுகொண்டு குதிப்பார்கள். நடுவில் ஓரிடத்தில் அபி அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவாள் பாருங்கள்... கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் பிராக்டிஸ் செய்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டினார்.

ரொம்ப வருஷம் புதுச்சேரியில் ஒரு பேண்டில் பாடிக்கொண்டிருந்தாள். காரைக்காலிலிருந்து பஸ். எங்கள் தலைநகருக்குப் போக நாங்கள் அடுத்த மாநிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு கிதார்காரர் பெங்களூர் போனார், டிரம்ஸ்காரர் துபாய் போனார். பேண்ட் கலைந்தது. அபி மட்டும் மிஞ்சினாள். "நான் தனியாவே ஒரு பாட்டு போடுறேன்" என்றாள்.

போட்டாள். பெயர் 'கரண்ட் போச்சு'. எழுதியது அடியேன்.

அம்மாவிடம் முதலில் சொன்னபோதே ஒரு பிரச்சினை வந்தது. அம்மா இருப்பது பக்கத்துக் கிராமமான குரும்பகரத்தில். வயல், மாடு, மோட்டார் என்று பிசியான ஆள். விளக்கு அணைந்தது என்றுகூட வாயால் சொல்ல மாட்டார், மலையேறியது என்பார். அவரிடம் போய், பல்லவி முழுக்க 'போச்சு போச்சு' என்று வரும் என்றால்?

"ஏண்டா, மொத மொதல்ல ஒரு பாட்டு போடுது அந்தப் பொண்ணு. போச்சு போச்சுன்னா எழுதிக் குடுப்ப? கரண்ட் மலையேறிச்சுன்னு எழுதேன்."

ராக் பாட்டில் கரண்ட் மலையேறுமா? மறுத்துவிட்டேன்.

பாட்டு வெளிவந்தது. வெளிவந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அபி போனைத் திறப்பாள், எண்ணிக்கையைப் பார்ப்பாள், மூடுவாள். நடுவில் யாரோ போன் செய்து, "மேடம், ஒரு பேக்கேஜ் இருக்கு, கேக்கற ஆளை நாங்களே ஏத்தித் தர்றோம்" என்றார். அபி விட்டாள் ஒரு டோஸ். "எனக்கு வேணும்கிறது காதுங்க, நம்பர் இல்ல" என்று சொல்லி வைத்தாள். வைத்த கையோடு மறுபடி ஆப்பைத் திறந்து நம்பரைப் பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரம் அம்மா போனில் கேட்டார், "எத்தனை பேருடா கேட்டிருக்காங்க?"

சொன்னேன்.

"என்னடா இது, நம்ம வீட்டுக் காதுகுத்துக்கே இதைவிட ஜனம் வந்துச்சே" என்றார். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அம்மா போகவில்லை. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஒரு கணக்கு, மாலையில் பார்த்தால் வேறு கணக்கு. யார் கேட்கிறார்கள் என்று ஆப்பில் ஊர் போட்டிருக்கும். பார்த்தால் - சென்னை! ஏறக்குறைய எல்லாமே சென்னை.

சென்னையில் பாடி ஜெயிக்க வேண்டும் என்று பத்து வருஷமாக ஏங்கியவள். அவளைச் சென்னை காலை, மதியம், மாலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறது! அபிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த பாட்டுக்கு டியூன் போட உட்கார்ந்தாள். சமைக்கும்போது பாடினாள். எனக்கு எதற்கெடுத்தாலும் திட்டு விழுவது பாதியாகக் குறைந்தது. அந்த முகம் தெரியாத சென்னைக்காரர்களை நானும் மனதார வாழ்த்தினேன்.

அப்போதுதான் அந்த மெயில்.

பாட்டுப் போனதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. பொய்யாக ஆள் வைத்தாய் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்று விரட்டியடித்த வேலையைச் செய்ததாகவே பழி. "யாருங்க பண்ணியிருப்பாங்க? அந்த பேக்கேஜ்காரனா?" என்று நாலு நாளும் இதே பேச்சு. விளக்கம் எழுத உட்காருவாள். என்னவென்று எழுதுவது? சும்மா எழுந்துவிடுவாள். அடுத்த பாட்டின் டியூன் அப்படியே கிடந்தது. "இனிமே பாடலைன்னா என்ன ஆகிடப் போவுது?" என்று சனிக்கிழமை சாதாரணமாகச் சொன்னாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. சாதாரணமாகச் சொன்னது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வலுக்கட்டாயமாகக் குரும்பகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டவுனிலிருந்து போகும்போது மீன் வாங்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கொடுவா வாங்கினேன். அம்மா மீனைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா அபி, நம்ம பாட்டுக்கு என்னம்மா ஆச்சு? செவ்வாக்கெழமையிலேந்து போன்ல வரவே மாட்டேங்குது!"

அடுத்த வீட்டிலிருந்து சித்தப்பா வந்தார். "என் போன்லயும் வரல" என்று எங்கள் முன் நீட்டினார். பின்னாலேயே சித்தி. "எனக்கும் நின்னுபோச்சு. நெடுங்காட்டுலேந்து உங்க சின்ன அத்தையும் போன் பண்ணிக் கேட்டாங்க."

அபி என்னைப் பார்த்தாள். நான் அபியைப் பார்த்தேன்.

"எத்தனை தடவை கேட்டீங்க அத்தை?" என்றாள் மெதுவாக.

"எத்தனை தடவையா? விட்டாத்தானே!" அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "வட்டமா ரெண்டு அம்புக்குறி இருக்கும்ல, அதை ஒரு தடவை அமுக்கினா அதுபாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடும். காலையில நானு. மத்தியானம் உங்க சித்தப்பா, மோட்டார் கொட்டாயில வச்சு. சாயங்காலம் சித்தி. அதுக்கப்புறம் நெடுங்காடு. வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்போம்ல, அது மாதிரி முறை வச்சுட்டோம். தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. ஒரு வேளை விடலம்மா."

சித்தப்பா சேர்த்துக்கொண்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு விசேஷம் வச்சிருக்கு, பந்தல் காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சென்னையும்தான். நமக்கு ஆட்சி புதுச்சேரி. ஆனால் போன் கம்பெனிக்கு நாம் தமிழ்நாட்டுக் கணக்கு. காரைக்கால் பக்கத்துப் போன் எதில் எதைத் திறந்தாலும், ஆப்பில் பல சமயம் சென்னை என்றுதான் விழும். அபியைக் கொண்டாடிய அந்தச் சென்னை மாநகரம் - எங்கள் அம்மா, எங்கள் சித்தப்பா, எங்கள் சித்தி, எங்கள் தெரு.

ராத்திரி பகல் பார்க்காமல், அலுக்காமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது மெஷின்தான் என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் முடிவு கட்டியிருக்கிறது. அதையும் குறை சொல்ல முடியாது. அதற்கு மாமியார் வீடு கிடையாது.

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நீங்க அப்படிப் பண்ணுனதாலதான்..."

அபி என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"கம்பெனியில ஏதோ ரிப்பேர் அத்தை" என்றாள். "அவங்க சைடு பிரச்சினை."

"சரியான உடனே சொல்லு. இந்தத் தடவை வடக்குத் தெருவையும் சேத்துக்கலாம்."

அபி தலையாட்டினாள். பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், எந்தப் பாடகியும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டாள். "பாட்டு எப்படி இருந்துச்சு?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா மீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சத்தத்தைச் சுத்தமா கொறச்சுட்டுத்தாம்மா ஓட விட்டோம்" என்றார் சித்தி கடைசியில். "அக்காதான் அப்படி வைக்கச் சொன்னாங்க."

அபியின் முகம் விழுந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. பாட்டும் போய், சென்னையும் போய், கடைசியில் கேட்டவர்கள் ஒருவருமே கேட்கவில்லை என்றால் என்ன மிச்சம்?

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையா அத்தை?"

"கேட்டேனே. மொத நாளே கேட்டேன்." அம்மா மீன் பையோடு நின்றார். "நடுவுல ஒரு எடத்துல கத்துவியேம்மா... தொண்டை என்னத்துக்காவும்? மறுபடி மறுபடி அந்தப் புள்ளையக் கத்த விடறோமேன்னு மனசு கேக்கல. அதான் சத்தத்தைக் கொறச்சுட்டேன். நீ கத்தாமப் பாடிக்கிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு."

ஒரு பாட்டை எத்தனை முறை ஓட்டுகிறோமோ அத்தனை முறையும் பாடியவள் அங்கே உட்கார்ந்து பாடுகிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறார்!

இப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. ஒரு மாதமாக, ஊரிலிருந்து யார் டவுனுக்கு வந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வரும். பனங்கற்கண்டு. எதற்கு இவ்வளவு என்று நான் சலித்துக்கொண்டு டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். அது அபியின் தொண்டைக்கு.

அபி அழுதாளா சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தது. எழுந்து போய் அம்மா கையிலிருந்த பையை வாங்கி என் கையில் கொடுத்தாள். "இதைக் கழுவுங்க" என்றாள். அம்மாவைப் பிடித்துக் கொல்லையில் தொட்டி விளிம்பில் உட்காரவைத்தாள். எதிரே நின்றாள்.

"அத்தை, இப்பப் பாடறேன். கத்தறது எனக்கு வலிக்காது. பாத்துட்டே இருங்க."

பாடினாள். மைக் இல்லை, கிதார் இல்லை. சித்தப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். 'போச்சு போச்சு' வரும்போதெல்லாம் அம்மா என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். அந்த இடம் நெருங்கியது. அபி மூச்சை இழுத்தது தெரிந்தது. அம்மா சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அபி கத்தினாள். கோழிகள் வேலிவரை ஓடின. என் கையிலிருந்த கொடுவா நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அம்மா காதைத்தான் பொத்தியிருந்தார், கண்ணை மூடவில்லை. அபியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து, அபி சிரித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

"வலிக்கலையே?"

"இல்ல அத்தை."

"அப்ப சரி. பாடு" என்றார்.

அபியின் முதல் தனிப் பாட்டு தோல்வி. அதில் சந்தேகமே வேண்டாம். இன்று எந்த ஆப்பில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுத் தோற்கடித்த பாட்டு உலகத்தில் வேறு இருக்குமா? அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அபி அடுத்த டியூனை முணுமுணுத்தாள். எனக்குக் குரும்பகரத்தின் ஒவ்வொரு போனுக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் நமக்குக் கிடைத்தது எதுவும் நம் சாமர்த்தியத்தால் மட்டும் கிடைக்கவில்லை. நமக்குத் தெரியாமல் யாரோ முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். குரும்பகரத்தில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அம்மாவிடம் காட்ட வேண்டாம். ரிப்பேர் என்றே இருக்கட்டும். இது அபியின் உத்தரவு.

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்கு விளக்கம் எழுதிவிட்டாள். 'கேட்டவர்கள் உண்மையான மனிதர்கள்தானா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அவள் எழுதிய பதில் இது:

'ஆமாம். அதில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.'