ராத்தாவின் அத்தியாயம்

1. மெஷின் பிடிக்காதது

களவெடுத்த கட்டுரைகளை மோப்பம் பிடிப்பதில் எனக்குப் பல்கலைக்கழகத்தில், எங்கள் பீடத்தில், ஒரு கெட்ட பெயர் இருந்தது. இன்டர்நெட்டில் இறக்கியவர்கள், சீனியரிடம் வாங்கியவர்கள், ஏஐயிடம் கேட்டு எழுதியவர்கள், எல்லாரும் என் அறையில் அழுதிருக்கிறார்கள். நான் மசிந்ததில்லை. ஹஸ்னா மட்டும் அழவில்லை.

சம்மாந்துறை ஊர்ப் பிள்ளை, இறுதி வருடம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை கொடுத்திருந்தாள். அது பாசானால்தான் பட்டம், பட்டம் கிடைத்தால்தான் டீச்சர் வேலை. களவைத் தேடும் மெஷினின் சிமிலாரிட்டி ரிப்போட் சுத்தமாக வந்தது. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வசனம் என்னை நிறுத்தியது: “வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வட்டவிதானை கலியாண வீட்டுக்கும் போகமாட்டார்.”

இந்த வசனம் எனக்குத் தெரியும். ஆய்வில் இப்படியும் எழுதுவதா என்று அதை எழுதிய மாணவியோடு சண்டை பிடித்து, கடைசியில் நானே விட்டுக்கொடுத்தேன். அவள் சிபானா, ஹஸ்னாவின் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். பட்டம் பெற்ற மறு வருடம் பிரசவத்தில் மௌத்தானாள். பிள்ளை மட்டும் தப்பியது.

லைப்ரரியில் சிபானாவின் கட்டுரையை எடுத்து ஒப்பிட்டேன். அத்தியாயம் முழுக்க அவளுடையது. ஹஸ்னாவின் உசாத்துணைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பழைய தமிழ்க் கட்டுரைகளை மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

2. விசாரணைக்கு முன்

குழுவுக்கு அனுப்புவதற்கு முன் ஹஸ்னாவை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

“நபிட ஹதீஸ் ஒண்டு சொல்றண்டா, ஆர் அறிவிச்சதெண்டு சொல்லாம சொல்லுவீங்களா மகள்?”

“இல்ல மெடம்.”

“அப்ப இதுல ராத்தாட பேர் எங்க?”

“ராத்தா மௌத்தான பொறகு அவட ஊடு எனக்கு வந்திச்சி. ராத்தாட மாப்பிளயா இருந்த மச்சானையே எனக்கு கலியாணம் முடிச்சி வெச்சாங்க. அவட புள்ள என்னத்தான் உம்மா எண்டு கூப்பிடுது. நான் ஒண்டும் கேக்கல்ல மெடம், எல்லாத்தையும் அவங்களே தந்தாங்க. இது மட்டும் எப்பிடி களவாகும்?”

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண் பிள்ளைக்குத்தான். மூத்தவள் போனால் இளையவளிடம் வருவதும் நடப்பதுதான். அவள் சொன்னதில் பொய்யில்லை. பதிலுக்கு என்னிடம் இருந்தது ரூல் மட்டும்தான்.

“தேவையானத மேற்கோளா எடுத்து, பக்கத்துல பேரையும் வருசத்தையும் போட்டிருந்தா ஆரும் கேக்க மாட்டாங்களே.”

“அந்த ஊட்டுல ராத்தாட பேர ஆரும் சொல்றல்ல மெடம். பெத்தவ ஆரெண்டு புள்ளைக்கித் தெரிஞ்சிரும் எண்டு. எனக்கும் எழுத வரல்ல.”

அன்று பகல் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

3. போட்டோகொப்பி

நான் அறிக்கை கொடுத்தேன்; விசாரணைக் குழு கட்டுரையை நிராகரித்தது. அடுத்த வருடம் புதுத் தலைப்பில் எழுதலாம் என்றார்கள். ஹஸ்னா பதியவில்லை. அந்த முறை டீச்சர் நியமனம் அவளோடு படித்தவர்களுக்குக் கிடைத்தது.

முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். சரியானதைச் செய்துவிட்டு இவ்வளவு காலம் மனம் கனத்துக் கிடந்ததும் இந்த ஒரு விசயத்தில்தான். புதிதாக வரும் விரிவுரையாளர்களுக்குச் சொல்கிறேன்: மேற்கோள் காட்டப் படிப்பிக்கும்போது தண்டனையில் தொடங்காதீர்கள். யாருடைய பெயரை விட்டிருக்கிறாய், ஏன் விட்டாய் என்று வேளைக்கே கேளுங்கள். நான் கேட்டபோது பிந்திவிட்டது.

நான் ஓய்வுபெறும் மாதத்தில் ஹஸ்னா வந்தாள். சிபானாவின் கட்டுரைக்கு ஒரு போட்டோகொப்பி வேண்டுமாம்.

“புள்ள வளருது மெடம். ஒரு நாளைக்கி சொல்லத்தானே வேணும்.”

எடுத்துக் கொடுத்தேன். பேனை கேட்டு வாங்கி, என் மேசையிலேயே முதல் தாளில் எழுதினாள்: ராத்தாவின் முழுப்பெயர், வருடம், தலைப்பு, பீடம். நான் படிப்பித்த அதே ஒழுங்கு.

“சரியா மெடம்?”

“ஓம் மகள், சரி” என்றேன். இனி அதற்கு மார்க்ஸ் இல்லை என்பதை இரண்டு பேரும் சொல்லவில்லை.