முழங்கால் அளவுப் பனி

மணல் குவியலில் கம்பியைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஆறுமுகநயினார். கம்பி மெதுவாக இறங்குகிறது. தரை தட்டியதும் உருவி, சற்றுத் தள்ளி மறுபடி செருகுகிறார். கழக்கூட்டத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே லாரி எம்சாண்ட் கொட்டிவிட்டுப் போனதும் எங்கள் காவலாளியான இவர் கேட்டை விட்டுவிட்டு வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே ஐ.டி. கார்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும்.

வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்; இங்கே வந்தபின் பேச்சில் மலையாளமும் கலந்துவிட்டது. மீசைக்கு மட்டும் சாயம் உண்டு, தலைக்குக் கிடையாது. பட்டாளத்தில் பல குளிர்காலங்களை வடக்கே பனிமலையில் கழித்தவர். பனி சரிந்து ஆட்கள் புதைந்தால் நீளக் கம்பியால் குத்திக் குத்தித்தான் தேடுவார்களாம். "கல்லுன்னா டங்குன்னு நிக்கும் சாரே. மண்ணுன்னா கரகரங்கும். மெத்துன்னு நின்னா ஆளு." சொல்லும்போது தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை தன்னோடு ஏறியவர்களையே அவர் அப்படித் தேட வேண்டியிருந்தது.

மொட்டைமாடித் தொட்டியின் மூடி காற்றில் 'தொம்'மென்று விழுந்தால், எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிடுவார். மிதிக்கிற பனி அப்படிச் சத்தம் போட்டால் அடியில் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தமாம்.

ஆளுயரப் பனிக்கு அவர் அவ்வளவு பயப்படுவதில்லை. பயமெல்லாம் பருவத்தின் முதல் பனிக்குத்தான். "நெறைய கெடந்தா எல்லாவனும் பயந்து நடப்பான், கேட்டோ. கொஞ்சம் பனிதானன்னு ஏறுவான் பாருங்க, அவந்தான் போவான்." ஒரு நாள் காவல் அறை மேசையில் சீனியைப் பரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை வைத்து மேசையை ஒரு பக்கமாக லேசாகத் தூக்கினார். அட்டை சறுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. முதலில் மெல்லிசாகப் பெய்கிற பனி, கடுங்குளிரில் பிடிப்பு விட்டுச் சீனியாக உதிர்ந்துபோகும். காற்று கொண்டுவந்து போடும் புதுப்பனி அதன்மேல் பலகை மாதிரி உட்காரும். பிறகு ஒருவன் கால் வைத்தால் போதும், மலைச்சரிவே கிளம்பிவிடும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, எறும்பு வரும் என்று சீனியை ஒரு மணிகூட விடாமல் வழித்து டப்பாவில் போட்டார்.

இந்த நவம்பரில் அதே மலையில் அவருடைய ஒரே மகன் மகாராஜா இருக்கிறான். ஐ.டி. பார்க் கேன்டீனில் பில் போட்டுக்கொண்டிருந்தவன். அதுவே போதும் என்றவனைத் தினமும் சங்குமுகம் கடற்கரையில் ஓடவைத்து, பட்டாள ஆளெடுப்புக்குக் கூட்டிப்போனது இவர்தான். "நாந்தான் சாரே தள்ளி விட்டேன்" என்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் மகன் போனில் பேசினான். துலாமழை தகரக் கூரையில் கொட்டியதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பனி எவ்வளவு மக்கா?"

"முட்டளவுகூட இல்லப்பா. கம்மிதான்."

"தோண்டிப் பாத்தியா? அடியில உள்ளது உருண்ட பிடிக்க வருதா?"

"வரலப்பா. சீனி மாதிரி உதிருது. மேல உள்ளதுதான் கெட்டியா இருக்கு."

என் கண் சீனி டப்பாவின்மேல் போனது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஏறாத மக்கா. நாலு நாள் போட்டும்."

"மேல போஸ்ட்ல இருக்கவங்களுக்கு மண்ணெண்ண தீந்துட்டுப்பா. போயே ஆவணும். உங்க காலத்துல நீங்க போகலியா?"

"ஒருத்தன் தாண்டின பொறவு அடுத்தவன் போங்கலே, சேந்து போகாண்டாம்" என்று அவர் தொடங்கியபோது லைன் அறுந்துவிட்டது. மறுபடி கிடைக்கவில்லை. மலைமேல் சிக்னல் கிடையாது; இனி அவன் இறங்கி வந்தால்தான் பேச முடியும்.

இன்று புது லோடு மணல் வந்து கிடக்கிறது. கம்பி சுவரோரம் சாத்தியபடி இருக்கிறது. அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் அது அடித்தபோது பாய்ந்து எடுத்தார். ஊரிலிருந்து அவர் மனைவி பகவதி. இன்றும் ஸ்பீக்கரில்தான் போட்டார்.

"பிள்ள பேசினானா?"

"நேத்து பேசினான்."

"அங்க எப்படி இருக்காம்?"

"கொஞ்சம் பனிதானாம். நீ பயப்படாத, சாப்பிடு."

குரலில் ஒரு பிசிறு இல்லை. போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார். ஒரு கை சீனியை அள்ளி, உருண்டை பிடிப்பதுபோல இறுக்கினார். விரித்தபோது விரலிடுக்கு வழியே மேசையெல்லாம் கொட்டியது. அதை வழிக்கவில்லை. இன்னொரு கை அள்ளி, இன்னும் இறுக்கிப் பிடித்தார்.