ஆரின் ஹாகனின் பின்பார்த்த இருக்கை

டுலூத் நகரப் பள்ளி ஒன்றில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்ட ஆரின் ஹாகன், முப்பத்தொரு வருட வேலையில் ஒரு சாவியைக்கூடத் தொலைத்ததில்லை. 1969-இல் வாங்கிய ஸ்டேஷன் வேகன் என்ற நீளமான குடும்பக் காரையும் அப்படித்தான் பதினோரு வருடம் வைத்திருந்தார். அதன் பக்கவாட்டில் மரம்போல ஒட்டியிருந்தது பிளாஸ்டிக் தாள்தான். அதற்கும் வருடந்தோறும் மெழுகு பூசுவார். பின்கதவைப் பலகைபோலக் கீழேயும் இறக்கலாம், வீட்டுக் கதவுபோலப் பக்கவாட்டிலும் திறக்கலாம். அதற்காகவே வாங்கியதாகச் சொல்வார். கடைசி இருக்கை, போகிற திசைக்கு முதுகு காட்டி இருக்கும். அங்கே உட்காரும் இரட்டைப் பையன்கள் ராய்ஸுக்கும் லைலுக்கும் இரண்டே சட்டம்: முன்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கத்தக் கூடாது, சாலையில் யார் கையசைத்தாலும் பதிலுக்கு அசைக்க வேண்டும்.

1972 ஆகஸ்டில் ஐந்து பிள்ளைகளோடு ஏரிக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் எட்டு வயது மர்னா கழிப்பறைக்குப் போனாள். ஆரின் இன்ஜின் எண்ணெய் பார்த்தார், நான்கு டயரையும் தட்டினார், உள்கண்ணாடியில் பின்பக்கத்தை நோட்டமிட்டார். தலைகளும் தலையணைகளுமாகத் தெரிந்தன. கிளம்பிவிட்டார்.

இருபத்தாறு மைல் போனபின் மனைவி பெர்னிஸ் முட்டை சாண்ட்விச்சைப் பங்கிட்டாள்.

"ஆரின், ஒண்ணு மிஞ்சுது."

"எனக்குக் குடு."

"உனக்குக் குடுத்தாச்சு. மர்னாவக் காணோம்."

ஆரின் வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினார்.

"அவ பங்க்லயே நின்னுட்டாப்பா," என்றான் ராய்ஸ்.

"நீ பாத்தியா?"

"ஓடி வந்தா. கையாட்டினா. நாங்களும் ஆட்டினோம்."

"ஏண்டா சொல்லல?"

"கத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"புள்ளியாகுற வரைக்கும் ஆட்டினோம்பா," என்றான் லைல்.

"நல்லாத்தான் வளத்திருக்க," என்றாள் பெர்னிஸ்.

ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டாத மனிதர் எண்பதில் திரும்பினார்.

மர்னா பங்க் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஆரின் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பயந்துட்டியாம்மா?"

"மொதல்ல பயந்தேன். இவனுங்க கையாட்டினதும், சரி, எனக்கு மட்டும் வேற ஏற்பாடு போலன்னு நெனச்சேன்."

"வேற ஏற்பாடு ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி. இத முடிச்சிட்டு வரேன்."

பாதி பாட்டில் இருந்தது. வேகன் பம்ப்பை மறித்து நிற்க, பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. ஆரின் எழுந்திருக்கவில்லை.