செவலைப் பசுவின் மணி

எங்கள் மாசாய் ஊர்களில் மெய்போன்யி ஒரு காலத்தில் ஈட்டியால் சிங்கத்தைக் கொன்று பெயர் வாங்கியவன். இப்போது சரணாலயத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு, சிங்கமும் மாடும் சாகாமல் பார்த்துக்கொள்ளும் சிங்கக் காவலன் அவன்தான். விடிந்ததும் காலடித் தடம் பார்த்து, எந்தப் பக்கம் மாடு ஓட்டக்கூடாது என்று வீடு வீடாக வந்து சொல்வான்.

“கொன்ன கையாலேயே தாலாட்டுறியாக்கும்?” என்று நான் சீண்டுவேன்.

“சிரிங்கக்கா. அன்னைக்குப் பத்துப் பேரு பாடிக்கிட்டே போனோம், பயம் தெரியல. இப்போ தனியா போறேன். தினமும் பயந்துக்கிட்டுதான் போறேன்.”

அன்று பொழுது சாய்ந்தும் என் செவலைப் பசு திரும்பவில்லை. தேடிப் போன மெய்போன்யியின் பின்னால், வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் நானும் போனேன். புதருக்குள் அதன் கழுத்து மணி கேட்டது. எனக்கு உயிர் வந்தது. அவனோ அப்படியே நின்றுவிட்டான். மணி ஒரு முறை வெடுக்கென்று அடித்து ஓய்ந்தது. மறுபடியும் வெடுக்கென்று அடித்தது. நடக்கிற மாட்டின் மணி அப்படி அடிக்காது. எதுவோ கடித்து இழுக்கிறது. இது எனக்கு உறைப்பதற்குள் பசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.

மணி நின்றது.

“முதுகைக் காட்டாதீங்க. அப்படியே பின்னாடி நடங்க. பாடுங்கக்கா,” என்றான்.

சிங்க வேட்டைக்குப் போகிறவர்கள் பாடும் பழைய பாட்டை அவனே எடுத்தான். நான் பாட்டை மறந்து, புதரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன்.

குடியிருப்பின் முள்வேலிக்குள் நுழைந்து வாசலை அடைத்த பிறகுதான் புதர்ப் பக்கமிருந்து அந்த மணி மறுபடி அடித்தது.